கொழும்பில் சிறு தோல் வேலை: தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்துக்கு இரண்டு ஒழுங்கை இப்பால் உள்ள எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு மேசை போட்டுத் தோல் வேலை செய்துவருகிறேன். சனிக்கிழமைகளில் ஓரிருவர் பழக வருவார்கள். அவர்கள் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். தோல் வேலை பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வறண்ட காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே உப்புக்காற்று இருக்கிறது, மழை இருக்கிறது, கறல் இருக்கிறது, பூஞ்சணம் இருக்கிறது. கருவியும் கைப்பழக்கமும் இவற்றுக்கு ஏற்றபடிதான் அமைய வேண்டும்.

கருவிகள் எல்லாம் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கிவிடலாமா?

வேண்டாம். அப்படிப்பட்ட பெட்டிகளில் பாதியை நீங்கள் ஒருநாளும் தொடமாட்டீர்கள். மற்றப் பாதி கூர் நிற்காத இரும்பு. அதே பணத்துக்கு இவற்றை வாங்குங்கள்: அலகை ஒடித்துப் போடக்கூடிய கட்டர் கத்தி, 30 சென்ரிமீற்றர் இரும்பு அடிமட்டம், ஒரு குத்தூசி, நூல் போகத் துளை போடும், வரிசையாகப் பல் வைத்த தையல் உளி இரண்டு, ஒரு கொட்டாப்புளி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு பூசிய நூல், ஒரு வெட்டுப்பலகை. தையல் உளியில் பற்களுக்கிடையே 4 மி.மீ. இடைவெளி இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். நேர்க்கோட்டுக்கு நான்கு அல்லது ஆறு பல் உள்ளது ஒன்று, வளைவுக்கு இரண்டு பல் உள்ளது ஒன்று.

கொட்டாப்புளி மரத்தாலோ நைலோனாலோ ஆனதாக இருக்கட்டும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் தலை நசுங்கிக் காளான் போல விரிந்துவிடும்.

விளிம்பின் மூலைகளைச் சீவி உருட்டும் விளிம்பு சீவியை இரண்டாவது மாதத்தில் வாங்கலாம். பெரிய பணம் கொடுத்து வாங்க வேண்டியது எது என்று கேட்டால், தையல் உளி என்பேன். மலிவான உளியில் ஒரு பல் சற்றே வளைந்திருந்தாலும் அந்தக் கோணல் தையல் வரிசை முழுவதும் திரும்பத் திரும்பத் தெரியும்.

இவற்றைக் கொழும்பில் எங்கே தேடுவது?

அடிமட்டம், மணற்கடதாசி, சாணைக்கல், கத்தி அலகு ஆகியவற்றுக்குப் பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகள். கொக்கி, வளையம், நூல் போன்ற சில்லறைப் பொருள்களுக்குப் புறக்கோட்டை பேங்க்ஷால் வீதி. தேன்மெழுகுக்கு கேபோஸ் லேனின் மூலிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தோலும் பசையும் சப்பாத்துத் தைப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். சிறு வேலைக்கு முழுத் தோல் வேண்டியதில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுகளை நிறுத்துத் தருவார்களா என்று கேளுங்கள். ஞாயிறும் போயா தினமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் பல கடைகள் மூடியிருக்கும். தையல் உளியைத்தான் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது.

எந்தத் தோலை வாங்குவது? கடையில் எல்லாம் ஒன்று போலத் தெரிகிறது.

முதலில் கேட்க வேண்டியது, எப்படிப் பதனிட்டது என்பதை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கச் செய்யும் வேலைதான் பதனிடுதல். மிருதங்கத்திலும் தவிலிலும் இருப்பது பதனிடாமல் காயவைத்த தோல். அதனால்தான் அது விறைப்பாக நின்று ஒலிக்கிறது, மழைக்காற்றில் சுருதி இறங்குகிறது. பைக்கும் பணப்பைக்கும் பதனிட்ட தோல்தான் வேண்டும்.

அதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்பைக் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைப்பது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. இங்கே ரணவரா என்று சிங்களத்தில் சொல்லித் தேநீராகக் குடிக்கிறோமே, அதே ஆவாரைதான். மற்றது குரோமிய உப்பைக் கொண்டு ஓரிரு நாளில் முடிப்பது. அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து அது பரவியது. இன்று உலகில் விற்கும் தோலில் பெரும்பகுதி குரோமியத் தோல்தான்.

பட்டையில் பதனிட்டது விறைப்பாக இருக்கும். நனைத்து அச்சுப் பதிக்கலாம், வடிவம் கொடுக்கலாம், விளிம்பைத் தேய்த்து மினுக்கலாம். ஆனால் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும், தண்ணீர்க் கறை விழும். குரோமியத் தோல் மிருதுவானது, மழையைத் தாங்கும். ஆனால் அதில் அச்சு நிற்காது, விளிம்பும் மினுங்காது. அடையாளம் காண வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் ஓடினால் அது குரோமியத் தோல். பழுப்பு நிறத்தில் இருந்து, ஒரு துளி தண்ணீர் விட்டதும் உறிஞ்சிக் கறுத்தால் பெரும்பாலும் பட்டைத் தோல்.

பழகுபவருக்கு என் தெரிவு பட்டைத் தோல். கையின் பிழையை அது மறைக்காமல் காட்டும், அதனால் விரைவில் திருந்துவீர்கள். பழகிய பின் தினமும் பஸ்ஸில் கொண்டுபோகும் பைக்குக் குரோமியத் தோலை எடுங்கள்.

அசல் தோல் என்கிறார்கள். றெக்சின் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்பக்கத்தைப் பாருங்கள். தோலில் நார் நாராக இருக்கும், றெக்சினில் துணி நெய்த பின்னல் தெரியும். தோல்தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியதும் உண்டு. அதன் ஓரத்தை நகத்தால் கிளறினால் நார் இழுபடாமல் துகளாக உதிரும். வீட்டில் நகத்தளவு துண்டை நெருப்பில் காட்டினால் தோல் மயிர் கருகும் நாற்றம் வீசும், றெக்சின் உருகிச் சொட்டும். ஜன்னலோரத்தில் ஒரு முறை செய்து பார்த்தால் போதும். குரோமியத் தோல் கழிவைக் குவித்து எரிக்கவே கூடாது, அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு.

மாட்டுத் தோல் எங்கள் வீட்டில் ஆகாது.

ஆட்டுத் தோலில் வேலை செய்யுங்கள். மெல்லியது, ஆனால் கனத்தை வைத்துப் பார்த்தால் நல்ல உறுதி. அட்டை உறை, பணப்பை, கண்ணாடிக்கூடு எல்லாவற்றுக்கும் பொருந்தும். பெல்ட்டுக்கு மட்டும் அது போதாது. வாங்கும்போது எந்த விலங்கின் தோல் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பரிசாகக் கொடுக்கச் செய்கிறீர்கள் என்றால், வாங்கிக்கொள்பவரின் வீட்டு வழக்கத்தையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

எத்தனை மில்லிமீற்றர்?

பணப்பையின் உள்மடிப்புகளுக்கு 0.8 முதல் 1, வெளிப்பக்கத்துக்கு 1.2 முதல் 1.5, சாவிப் பட்டிக்கு 2 முதல் 3, பெல்ட்டுக்கு 3 முதல் 4. சில இடங்களில் அவுன்சில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 0.4 மி.மீ. விலை சதுர அடிக்கு. விலங்கின் வயிற்றுப் பக்கம் இழுபட்டுத் தொய்யும், முதுகுப் பக்கம் இறுக்கமாக நிற்கும். பெல்ட்டை வயிற்றுத் தோலில் வெட்டாதீர்கள்.

முதல் வேலையாக எதைச் செய்யலாம்?

ஓர் அட்டை உறை. வங்கி அட்டையின் அளவு 85.6 க்கு 54 மி.மீ. பின்துண்டு 100 க்கு 60, முன்துண்டு 100 க்கு 50 என்று வெட்டுங்கள். முன்துண்டின் மேல்விளிம்பில் பெருவிரல் பதிய ஒரு பிறை வெட்டு. இடம், வலம், அடி என்று மூன்று பக்கம் தையல். விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தைத்தால் உள்ளே 94 மி.மீ. அகலம் மிஞ்சும். அட்டை இலகுவாகப் போய்வரும், மேலே 7 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். தையல் நீளம் மொத்தம் 200 மி.மீ., அதாவது 50 துளை அளவில் வரும். ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.

தேசிய அடையாள அட்டைக்காகச் செய்கிறீர்கள், கையில் இருப்பது பழைய லேமினேட் அட்டை என்றால் இந்த அளவை நம்பாதீர்கள். அட்டையையே வைத்து அளந்துகொள்ளுங்கள். பணப்பைக்கும் அப்படித்தான். எங்கள் ரூபாய்த் தாள்கள் மதிப்புக்கு ஏற்ப நீளத்தில் மாறுகின்றன, 5000 ரூபாய்த் தாளை வைத்து அளவெடுங்கள். எதையும் முதலில் தடித்த கடதாசியில் வெட்டி மடித்துப் பாருங்கள்.

வெட்டும்போது கத்தி வழுக்குகிறது, கோடு வளைகிறது.

கத்தி கூராக இல்லை. கை நடுங்குகிறது என்று நினைப்பவர்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேரிடம் நான் கண்டது மழுங்கிய அலகைத்தான். ஒடிக்கும் அலகாக இருந்தால் தயங்காமல் ஒரு துண்டை ஒடித்துப் போடுங்கள். தீட்டும் கத்தியாக இருந்தால், ஒரு கண்ணாடித் துண்டின்மேல் 1000ஆம் இலக்க மணற்கடதாசியை ஈரமாக ஒட்டி, அலகின் சரிவு முழுவதும் படியும்படி வைத்து இழுங்கள். பிறகு 2000. கடைசியில் மினுக்குப் பச்சை (கூரை மினுக்கும் பச்சை நிறக் கட்டி) பூசிய தோல் பட்டியில், கூர்ப் பக்கம் பின்னே வரும்படி இருபது முறை. வேலை நடுவே அரை மணிக்கு ஒருமுறை அந்தப் பட்டியில் மட்டும் இழுத்தால் போதும், மறுபடி மணற்கடதாசிக்குப் போக வேண்டி வராது.

அடிமட்டத்தின் அடியில் மெல்லிய றப்பர் ஒட்டுங்கள், வழுக்காது. அடிமட்டத்தை வேண்டிய துண்டின்மேல் வைத்து வெட்டுங்கள். கத்தி விலகினாலும் கழிவில்தான் விலகும். முதல் இழுப்பில் மேற்பரப்பைக் கீறி, இரண்டாவது மூன்றாவது இழுப்பில் அறுத்து முடியுங்கள். ஒரே அழுத்தில் அறுக்கப் பார்த்தால் மெல்லிய தோல் கத்தியோடு இழுபட்டு வரும்.

இரண்டு ஊசித் தையல் என்பது என்ன? ஏன் ஒற்றை ஊசி போதாது?

குதிரைச் சேணம் தைத்தவர்களின் முறை அது. சேணத் தையல் என்று சொல்லலாம். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடக்கும். தையல் மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போலப் பிடித்திருக்கின்றன, ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். சேணத் தையலில் ஒரு பக்க இழை அறுந்தாலும் மறுபக்க இழை அதே துளைகள் வழியாக ஓடி உறையைப் பிடித்து நிற்கும்.

நூலின் நீளம் தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு. மேலே சொன்ன அட்டை உறைக்கு 80 சென்ரிமீற்றர். மெல்லிய தோலுக்கு 0.6 மி.மீ. நூல், தடித்ததற்கு 0.8. நூல் முனையை ஊசிக் காதில் கோத்து, அதே முனையை ஊசியால் ஒருமுறை குத்தி இழுத்துவிட்டால் ஊசி கழன்று போகாது.

இனிக் கையைக் கவனியுங்கள். தோலை முழங்கால்களுக்கிடையே ஒரு கவ்வியில் நிறுத்துங்கள். கவ்வி இல்லையென்றால் தடித்த இரண்டு பலகைத் துண்டுகளைத் துடையால் நெருக்கிக்கொள்ளலாம். முதல் துளையில் நூலைக் கோத்து இரு பக்கமும் சம நீளமாக்குங்கள். அடுத்த துளையில் இடப்பக்க ஊசியை முதலில் வலப்பக்கம் அனுப்புங்கள். அது பாதி வந்ததும் வலக்கையின் ஊசியை அதன் பின்னால் சிலுவை போல வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள். இப்போது வலது ஊசியை அதே துளையில், முதல் நூலுக்குக் கீழாக, திரும்ப இடப்பக்கம் அனுப்புங்கள். அனுப்பும்போது முதல் நூலை உங்கள் பக்கம் சற்று இழுத்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் ஊசி நூலையே குத்திவிடும். பிறகு இரண்டு கையும் ஒரே அளவு விசையோடு இழுக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை எந்தத் துளையிலும் மாற்றாதீர்கள். இடது முதலில் என்றால் கடைசி வரை இடது முதலில், கீழாக என்றால் கடைசி வரை கீழாக. ஒரு துளையில் மாறினாலும் அந்தத் தையல் மட்டும் வேறு பக்கம் சாய்ந்து நிற்கும். முன்பக்கம் அழகாக இருந்து பின்பக்கம் கோணலாக வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். முடிவில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, பொலியெஸ்டர் நூலானால் 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரை ஒரு கணம் காட்டி உருகிய முனையை அழுத்திவிடுங்கள்.

எங்கள் வீதிகளில் அமர்ந்து சப்பாத்துத் தைப்பவர்கள் கொக்கி முனையுள்ள ஒற்றைக் குத்தூசியால் தைக்கிறார்கள். அது வேறு தையல், மெஷின் தையலைப் போலவே நூலை நூல் பிடிக்கும். ஆனால் அவர்களின் வேகத்தையும், துளைக்கு முன் அடையாளமே போடாமல் கண்ணாலேயே இடைவெளி பிடிக்கும் திறமையையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மடிப்பு வரும் ஓரத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்துச் சீவி மெல்லியதாக்கும் வேலையை நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மரத்தடியில் இருக்கும் ஐயாவிடம்தான் கற்றேன். "கத்தியைப் படுக்கப் போடு பிள்ளை, அது தானே போகும்" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் போனது. தோல் வேலை என்றதும் முகம் சுளிக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கைகளில் இருக்கும் கல்வியை நாம் இழந்துகொண்டிருப்பதற்கு அந்தச் சுளிப்புத்தான் காரணம் என்பது எனக்கு உண்மையாகவே வேதனை.

வீட்டுத் தையல் மெஷினில் தைக்கலாமா?

1 மி.மீ. மெல்லிய ஆட்டுத் தோல் இரண்டு மடிப்பு வரை, தோல் ஊசி போட்டு, நீளத் தையலில் முடியும். அதற்கு மேல் அம்மாவின் மெஷினைப் பழுதாக்காதீர்கள்.

பசை பிடிக்கவே மாட்டேன் என்கிறது. மழை நாளில் இன்னும் மோசம்.

சப்பாத்துக் கடைகளில் பயன்படும் மஞ்சள் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, ஈரம் போய் விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். வறண்ட நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மழை நாளில் நடப்பது வேறு. பசையின் கரைப்பான் ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிரும், ஈரக்காற்றின் நீர் அதில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். அந்தப் படலத்தின்மேல் ஒட்டினால் நாளைக்கே பிரிந்துவிடும். தலைமயிர் உலர்த்தியின் இளஞ்சூட்டை, ஆவி முழுவதும் அடங்கிய பின் தூரத்தில் பிடித்துக் காட்டினால் படலம் போய்விடும். ஒட்டும் ஓரத்தின் மினுமினுப்பான மேற்பரப்பை மணற்கடதாசியால் முதலில் சுரண்டிவிட மறக்காதீர்கள்.

அந்த ஆவி எளிதில் தீப்பிடிக்கும், தலையையும் சுற்றும். சாமியறையில் விளக்கு எரியும்போதும் சாம்பிராணி போடும் நேரத்திலும் பசை டின்னைத் திறக்காதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

விளிம்பு கடைச் சாமான் போல மினுங்க என்ன செய்வது?

பட்டைத் தோலாக இருந்தால் முடியும். ஒட்டித் தைத்த பின் விளிம்பை 400ஆம் இலக்க மணற்கடதாசியால் சமமாக்குங்கள், இரண்டு மூலைகளையும் சீவியால் உருட்டுங்கள், பிறகு 800. விரல் நுனியில் தண்ணீர் தொட்டு விளிம்பை மட்டும் நனைத்து, கன்வஸ் துணியாலோ வழவழப்பான மரக்கட்டையாலோ வேகமாகத் தேயுங்கள். உராய்வில் சூடு ஏறும்போது நார்கள் படிந்து கண்ணாடி போலாகும். தேன்மெழுகை ஒருமுறை இழுத்து மறுபடி தேய்த்தால் முடிந்தது. அழுத்துவதைவிட வேகமே முக்கியம். அழுத்தினால் விளிம்பு குடை போல விரியும்.

நனைத்த தோலில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. அழுக்கா?

அழுக்கில்லை, இரும்பு. பட்டைத் தோலில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பாகும். பழைய காலத்து எழுத்து மையும் இந்தச் சேர்க்கைதான். ஒருமுறை குறிப்பேட்டு உறை ஒன்றை நனைத்து மடித்து, மடிப்பு எழும்பாமலிருக்க மேலே இரும்பு அடிமட்டத்தை வைத்துவிட்டு, மொட்டைமாடியில் காயப்போட்ட துணி எடுக்க ஓடினேன். மழை. திரும்பி வர அரை மணி ஆயிற்று. அடிமட்டத்தை எடுத்தால் அதன் நீளம் முழுவதும் ஒரு கறுப்புக் கோடு, ஓரத்தில் ஆணித் துளையின் வட்டம் உட்பட. அடிப்பக்கத்தில் கடல் காற்றின் கறல் மெல்லியதாகப் படிந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

தேசிக்காய்ச் சாற்றில் சம அளவு தண்ணீர் விட்டு, பஞ்சில் தொட்டு, உறை முழுவதும் ஒரே சீராக ஒற்றினேன். கோடு சாம்பலாக மங்கியது. முழுதாகப் போகவில்லை. பின் சுத்தத் தண்ணீரால் துடைத்து நிழலில் காயவிட்டேன். அதன் பிறகு நனைந்த தோலின் பக்கம் இரும்பைக் கொண்டுபோவதில்லை. கருவிகளுக்கு வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் பூசித் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைக்கிறேன்.

இதே வினையை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். இரும்புக் கம்பளித் துண்டை வினாகிரியில் ஒரு வாரம் ஊறவைத்து வடித்தால், பூசியதும் பட்டைத் தோலை ஆழக் கறுப்பாக்கும் சாயம் கிடைக்கும். போத்தலை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு உண்டாகும்.

அலுமாரியில் வைத்த பணப்பையில் பூஞ்சணம்.

வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் வித்து பரவும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள். காலை வெயில் பத்து நிமிடம் காட்டலாம், நண்பகல் வெயில் தோலை விறைக்கச் செய்யும். பொலித்தீன் பையில் போட்டு வைக்கவே கூடாது, பருத்தித் துணிப் பையே நல்லது. தினமும் கையில் இருக்கும் பொருளுக்குப் பூஞ்சணம் அரிதாகவே பிடிக்கிறது. அலுமாரியில் பத்திரப்படுத்தியதற்குத்தான் பிடிக்கிறது.

தேங்காய் எண்ணெய் பூசலாமா?

அப்படியே நான் பூசுவதில்லை. தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கும், அதிகமானால் மேலே பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். ஒரு பங்கு தேன்மெழுகை மூன்று பங்கு எண்ணெயில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் களிம்பாக்கி, ஆண்டுக்கு இரண்டு முறை துணியால் மெல்லப் பூசினால் போதும். முதலில் ஒரு துண்டில் பூசிப் பார்த்து, அந்த நிறம் உங்களுக்குப் பிடித்தால் மட்டும் பொருளில் பூசுங்கள்.

தொடர்மாடியில் இருக்கிறோம். உளி அடிக்கும் சத்தத்துக்குக் கீழ் வீட்டார் வருகிறார்கள்.

மேசையின் நடுவில் அடிக்காதீர்கள், கால் நிற்கும் மூலைக்கு நேர் மேலே அடியுங்கள். அடியில் மணல் நிரப்பிய துணிப் பையும் அதன்மேல் ஒரு கருங்கல் பலகையும் வைத்தால் சத்தம் பாதியாகும். இரவில் உளியால் அடையாளம் மட்டும் அழுத்தி, துளையைக் குத்தூசியால் போடுங்கள். நேரம் கூடும், ஆனால் கையும் பழகும்.

அப்பாவுக்கு ஒரு பெல்ட். அளவு எப்படி?

இடுப்பை அளக்க வேண்டாம், காற்சட்டை அளவையும் நம்ப வேண்டாம். அவர் அணியும் பழைய பெல்ட்டில், வளையத்தைச் சுற்றித் தோல் மடியும் இடத்திலிருந்து அவர் வழக்கமாக மாட்டும் துளை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு புதிய பெல்ட்டின் நடுத் துளை. அதற்கு முன்னும் பின்னும் 25 மி.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு துளை, ஆக ஐந்து. அகலம் 35 மி.மீ. வளையத்தைப் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ வாங்குங்கள். முலாம் பூசியது கடலோர வீட்டில் ஓராண்டுக்குள் உரிந்து, வெள்ளைச் சட்டையில் கறையாக இறங்கும்.